வாயை மட்டும் அசை

என் மனைவி ஜெனியா எங்கள் கடைக்குட்டியின் கல்யாணத்தில் பாடக் கூடாது என்று முதலில் சொன்னது சம்பந்தி வீட்டார் இல்லை. கல்யாணப் பெண்ணேதான் சொன்னாள். புவெனஸ் அயர்ஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல், அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அம்மா, கல்யாணத்துல நீ பாட வேண்டாம்."

ஜெனியா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. எனக்குத்தான் கையிலிருந்த மாத்தே மூலிகை டீக் குடுவை ஆடி, வெந்நீர் தொடையில் கொட்டியது.

"என்னடி உளர்றே?" என்று கத்தினேன். "நாங்க பாடாத கல்யாணம் இந்த ஊர்ல எதாவது நடந்திருக்கா? சொந்தப் பொண்ணு கல்யாணத்துல மட்டும் வாயை மூடிக்கிட்டு உக்காரணுமா?"

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க. நீங்க வாசிங்க, யாரு வேண்டாம்னா? அம்மா பாடறதுதான் பிரச்சினை." நொயெமி பைப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எஸேக்கியேலோட அப்பா, எனக்கு மாமனாரா வரப்போறவர், ஒரு ரப்பி, மதகுரு. அவங்க வீட்டு ஆம்பளைங்க, ஒரு பொம்பளை பாடறதைக் கேக்கக் கூடாதுன்னு இருக்கறவங்க. கேட்டா எழுந்து போயிடுவாங்க. சண்டையெல்லாம் போட மாட்டாங்க. சத்தமே இல்லாம எழுந்து போயிடுவாங்க. நடுக் கல்யாணத்துல பாதி ஹால் காலியா கெடந்தா, அப்புறம் அந்த வீட்டுல நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வாழறது?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இது என்ன அநியாயம்? நான் நவும். லா பலோமாவில் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். ஆனால் என்னிடம் பல்பு வாங்கியதைவிட என் அக்கார்டியனுக்கு ஆடியதைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. நான் வாசிப்பேன், ஜெனியா பாடுவாள். எங்கள் தாத்தாக்கள் கப்பலில் அர்ஜென்டினா வந்து, இந்த எந்த்ரே ரியோஸ் மாகாணத்தில் நிலம் உழுத நாளிலிருந்து இந்த ஊரில் யூதர்கள் இருக்கிறோம். இப்போது எண்ணிக்கை சுருங்கிவிட்டது, போகட்டும். ஆனால் ஒரு கல்யாணம், ஒரு பூரிம் பண்டிகை, ஊர் ஆண்டுவிழா என்றால் சங்க ஹாலில் மைக்குக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். காய்ச்சலோடு நின்றிருக்கிறோம். முதல்நாள் தட்டுப் பறக்கச் சண்டை போட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றுகூடப் பாடியிருக்கிறோம்.

அதிலும் இந்தக் கல்யாணம் எப்பேர்ப்பட்டது! எங்களவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தாய் தன் கடைசிப் பிள்ளைக்கும் கல்யாணம் செய்து முடித்துவிட்டால், விருந்துக்கு நடுவில் அவளை நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். தலையில் பூவும் இலையுமாகக் கிரீடம் மாதிரி ஒரு முடி வைப்பார்கள். பக்கத்தில் புருஷன் உட்காருவான். ஊரே கைகோத்துச் சுற்றிச் சுற்றி ஆடும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். எங்கள் ஊரில் அதற்கென்று ஒரு பாட்டு இருக்கிறது. மெட்டு என் பெரியப்பா ருஷ்யா பக்கத்துப் பெஸராபியாவிலிருந்து கொண்டுவந்தது, எங்கள் பெரியவர்கள் பேசிய இத்திஷ் மொழியில் வார்த்தைகள் ஜெனியா போட்டது. முதல் அடிகள் கும்மாளம். அப்புறம் ஆட்டம் நின்று, மெதுவாக ஒரு பகுதி வரும்.

முதல் பிள்ளைக்கு ரொட்டி பிசைந்தாய்,
அடுத்த பிள்ளைக்கு விளக்கு ஏற்றினாய்,
கடைசிப் பிள்ளைக்குக் கதவு திறந்தாய்,
உட்கார், இனி உட்கார்.

கடைசி வரியில் அந்தத் தாயின் பெயரைச் சேர்த்துப் பாடுவாள். உட்கார் மத்தில்தே, இனி உட்கார். உட்கார் ஐதா, இனி உட்கார். இத்திஷ் தெரியாத சின்னஞ்சிறுசுகளுக்கும் அந்த இடம் புரியும். அந்த நாலு வரிக்கு ஹாலில் ஒருத்தன் கிளாஸைக் கீழே வைக்க மாட்டான், மூச்சு விட யோசிப்பான். ஊரில் முடி வைத்துக்கொண்ட ஒவ்வொரு தாயையும் ஜெனியாதான் பாடி உட்காரவைத்தாள். இப்போது அவளுடைய முறை. மகன்கள் இரண்டு பேருக்கும் எப்போதோ முடிந்துவிட்டது, நொயெமிதான் பாக்கி. அந்த நாளைத்தான் வாயை மூடிக்கொண்டு கழிக்கச் சொல்லுகிறாள் பெற்ற மகள்.

ஜெனியா வெங்காயத்தை வாணலியில் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள்.

நொயெமி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தாள். பெண் நிம்மதியாகக் குளிக்கப் போனாள். எனக்கு நிம்மதி வரவில்லை. ஜெனியா எதையாவது எதிர்த்துச் சத்தம் போட்டால் பயமில்லை, மறுநாள் மறந்துவிடுவாள். ஒற்றை வார்த்தையில் சரி என்று சொன்னால் ஏதோ திட்டம் வைத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"கிழவி, நிஜமாவே சரியா?" என்று கேட்டேன்.

"அவ கேட்டது என்ன, அவங்க வீட்டு ஆளுங்க எழுந்து போகக் கூடாது. போக மாட்டாங்க. அதுக்குத்தான் சரி சொன்னேன்."

"அப்ப பாடப் போறியா?"

"வெங்காயம் கருகுது, கெளறு," என்று கரண்டியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

---

ஹாலைப் பார்ப்பதற்காகச் சம்பந்தியும் அவர் மனைவியும் ஒருநாள் வந்தார்கள். ரப்பி ஸ்லுட்ஸ்கி. நெட்டையாக, கறுப்புக் கோட்டோடு, அக்டோபர் வெயிலில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். நான் முறைத்துக்கொண்டு நிற்பதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அந்த மனுஷன் இறங்கியதும் என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "சம்பந்தி, இப்படி ஒரு பொண்ணைப் பெத்ததுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றார். இப்படிச் சொல்லுகிறவரை எப்படி முறைப்பது? எனக்குக் கோபமே வந்தது, கோபப்பட விடமாட்டேன் என்கிறாரே என்று.

எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் அவர்கள் சாப்பிட மாட்டார்கள், ஆசாரம் அப்படி. ஜெனியா அதற்கெல்லாம் முகம் சுளிக்கவில்லை. புதுக் காகித டம்ளர் வாங்கி வைத்திருந்தாள். சோடா பீய்ச்சி எதிரில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்துகொண்டாள்.

"சம்பந்தி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"ஒரு பொம்பளை பாடினா நீங்க கேக்கக் கூடாது. சரி. ரெண்டு பொம்பளை சேர்ந்து பாடினா?"

ரப்பி தாடியைத் தடவினார். பொய் சொல்லிச் சுலபமாகத் தப்பித்திருக்கலாம். பாவம், அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"அந்தக் காலத்துப் பெரியவங்க ஒண்ணு சொல்லியிருக்காங்க. ரெண்டு குரல் ஒரே நேரத்துல வந்தா, காதுல ரெண்டுமே விழாதுன்னு. அதாவது, தனித்தனியா விழாது. அதை வெச்சு சில பேர் சலுகை குடுக்கறாங்க."

"நீங்க குடுப்பீங்களா?"

"பொம்பளைங்க பக்கத்துல, அவங்க எல்லாரும் கூட்டமா பாடினா... நான் எழுந்து போக மாட்டேன்."

"அந்தக் கூட்டத்துல நானும் இருந்தா?"

"இருங்களேன். தனியா உங்க குரல் மட்டும் கேக்கக் கூடாது. கேட்டா நான் போகத்தான் வேணும், சம்பந்தி." சோடாவை எடுத்தவர் குடிக்காமல் கீழே வைத்தார். "எனக்குப் பாட்டு பிடிக்காதுன்னு நெனைக்காதீங்க. எங்க அம்மா பாடுவாங்க. இது நான் ஏத்துக்கிட்ட வாழ்க்கை, உங்க முகத்துக்காக ஒருநாள் மட்டும் எறக்கி வெக்க முடியாது."

"புரியுது. எனக்கும் அப்படித்தான்," என்றாள் ஜெனியா.

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைப் பார்த்தேன். ஒற்றைக் காலில் நிற்கிற இரண்டு பேர் சந்தித்தால் அப்படித்தான் மரியாதை வரும் போல. நடுவில் நான்தான் லூசு மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

---

மறுநாளே ஊர்ப் பெண்களுக்கெல்லாம் உத்தரவு பறந்தது. கல்யாணப் பலகாரம் செய்ய எப்படியும் சங்க ஹாலின் அடுக்களையில் கூடுவார்கள். மாவு பிசைகிற கை பிசையட்டும், வாய் பாடட்டும் என்று சொல்லிவிட்டாள் ஜெனியா. நான் ஒரு மூலையில் முட்டைக் கூடைகளுக்கு நடுவே அக்கார்டியனோடு உட்காரவைக்கப்பட்டேன்.

கடவுளே, அந்தக் கொடுமையை எப்படிச் சொல்வேன்! மருந்துக்கடை மத்தில்தேக்கு லாரி மேடு ஏறுகிற குரல். ஸ்கூல் டீச்சர் ஐதாவுக்குக் குரலே கிடையாது, காற்றுதான் வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். எல்லோருக்கும் பாட்டு தெரியும், ஒருத்திக்கும் பாடத் தெரியாது. இத்தனை வருஷம் ஜெனியா பாட இவர்கள் கேட்டார்களே தவிர, வாயைத் திறந்ததில்லை.

"சத்தமா! இன்னும் சத்தமா!" என்று ஜெனியா மாவுக்கட்டையால் மேஜையைத் தட்டுவாள். "உங்க புருஷன்மாரைத் திட்டறப்ப இந்தக் குரல் எங்கடி போச்சு? தெரு முனை வரைக்கும் கேக்குதே!"

"ஏய், எனக்கு ராகம் வரலைன்னா என்ன பண்றது?" என்றாள் மத்தில்தே.

"ராகம் எவ கேட்டா? எனக்கு வேண்டியது சத்தம். என் குரல் உங்க குரலுக்குள்ள காணாமப் போகணும், அவ்வளவுதான்."

ஐதா சிரித்தாள். "உன் குரலை மறைக்கறதுக்கு எங்களைக் கூப்பிடறியே, பாலுக்குள்ள நெய்யை ஒளிச்சு வெக்கற மாதிரி இருக்கு."

வேகமான பகுதி ஒரு வழியாகப் படிந்துவிட்டது. மெதுவான பகுதியில்தான் வம்பு. அந்த இடத்துக்கு வந்ததும், சொல்லிவைத்தாற்போல, அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். ஜெனியாவின் குரல் மட்டும் தனியாக நிற்கும்.

"ஏன் நிறுத்தினீங்க?" மாவுக்கட்டை மேஜையில் விழுந்தது.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ பாடற எடமாச்சேடி அது," என்றாள் மத்தில்தே. அவ்வளவு பெரிய உருவம், சின்னப் பெண் மாதிரி நின்றாள். "அந்த எடத்துல நாங்க எப்பவும் கேக்கத்தானே செய்வோம்."

"இந்த ஒரு தடவை கேக்காதீங்க. பாடுங்க. கடைசி வரியை நீங்கதான் பாடியாகணும். என் பேரை வெச்சு, 'உட்கார்'னு எனக்கு நானே பாடிக்க முடியுமா? சிரிப்பாங்க."

திரும்பத் திரும்பப் பாடவைத்தாள். பிசைந்த மாவு காய்ந்தது, அவள் விடவில்லை. கடைசியில் பாதிப் பெண்கள் மாவுக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் வெள்ளையாக, ஆனாலும் வாயை மூடாமல் பாடிவிட்டார்கள். கர்ணகொடூரமாகத்தான் இருந்தது. ஜெனியாவின் குரலைத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலுக்குத்தான் வாசித்துவருகிறேன். அதைத் தொலைப்பதற்கு ஒரு ஒத்திகையா?

"நல்லா இருக்குல்ல, கிழவா?" என்றாள் என்னிடம். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பிரமாதம். ஊர் நாயெல்லாம் ஓடிப் போயிடும்," என்றேன்.

---

கல்யாணத்துக்கு வந்து சேர்ந்த நொயெமி நேராக ஹாலுக்குத்தான் வந்தாள். அடுக்களை வாசலில் நின்று, உள்ளே நடப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். முகம் கறுத்துவிட்டது. அம்மாவைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, அதனாலென்ன?

"அம்மா, நீ சரின்னு சொன்னே."

"சொன்னேன். தனியா பாட மாட்டேன். உன் மாமனார்கிட்டயே கேட்டுட்டேன், கூட்டமா பாடினா பரவால்லைன்னுட்டார்."

"இவங்க ஒருத்தியாவது நடுவுல நிறுத்தினா? எல்லாரும் நிறுத்திட்டா? இவங்களுக்கு நீ பாடினா கேக்கத்தான் தெரியும், பாடத் தெரியாது!"

"நிறுத்த மாட்டாங்க. பழக்கியிருக்கேன்."

"ஒரே ஒரு நாள், அம்மா. ஒரு நாள் உன்னால சும்மா இருக்க முடியாதா?"

"முடியாது," என்றாள் ஜெனியா. "மத்த எல்லா நாளும் முடியும். அன்னிக்கு முடியாது."

நொயெமி கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"எனக்கு ஏழு வயசுல, பூரிம் விழாவுக்கு, நீ எங்களுக்கெல்லாம் பாட்டு சொல்லிக் குடுத்தே. எனக்குச் சுருதி சேரலைன்னு என்னைத் தனியா கூப்பிட்டு என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? 'வாயை மட்டும் அசை. சத்தம் வெளிய கேக்கக் கூடாது.' நான் அசைச்சேன். விழா பூரா அசைச்சேன். அப்புறம் எப்பவுமே அசைச்சேன். பிறந்தநாள் பாட்டுக்குக்கூட நான் வாயைத்தான் அசைக்கிறேன்மா, தெரியுமா உனக்கு? நான் இவ்வளவு வருஷம் பண்ணினதை நீ ஒரு நாள் பண்ணக் கூடாதா?"

ஜெனியா மாவுக்கட்டையைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள், நொயெமி விலகி உள்ளே போய்விட்டாள். காய்ந்த குச்சி மாதிரி சட்டென்று முறியும் பெண் இல்லை அவள், அம்மாவைக் கொண்டுதான் பிறந்திருக்கிறாள்.

அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "விட்டுடலாமா?" என்று நான் கேட்டேன். ஜெனியா தட்டைத் தள்ளிவைத்தாள்.

"தனியா பாட மாட்டேன்னு அவளுக்கு வாக்கு குடுத்திருக்கேன். அதை மீற மாட்டேன். என்ன ஆனாலும் மீற மாட்டேன். ஆனா பாடுவேன்."

---

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹால் முற்றத்தில் லபாச்சோ மரத்தடியில் மணப்பந்தல். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை எஸேக்கியேல் காலால் கண்ணாடி டம்ளரை உடைத்தபோது, ஊரே "மஸல் டோவ்!" என்று வாழ்த்திக் கத்தியதில் மரத்துக் கிளிகள் பறந்துபோயின. நல்ல பையன். உடைத்துவிட்டு, சரியாக உடைந்ததா என்று குனிந்து பார்த்தான்.

உள்ளே ஹாலை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். நடுவில் வரிசையாகப் பூந்தொட்டிகள், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். தலைநகரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் கொண்டுவந்த வாத்தியக்காரப் பையன்கள் கீபோர்டை வைத்துக்கொண்டு காது கிழிய அடித்தார்கள். குறை சொல்ல மாட்டேன். சொல்லாமலும் இருக்க முடியவில்லை, அது சங்கீதம் இல்லை, தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை.

விருந்து பாதியில் மத்தில்தே எழுந்து நின்று கையைத் தட்டினாள். நாற்காலிகள் வந்தன. பூந்தொட்டி வரிசையின் முனையில், ஆண்களுக்கும் தெரிகிற மாதிரி, பெண்கள் பக்கத்தில் போட்டார்கள். ஜெனியாவை உட்காரவைத்தார்கள். ஆரஞ்சுப் பூவும் எலுமிச்சை இலையுமாகப் பின்னிய முடி கொஞ்சம் பெரிதாகிவிட்டது, மூக்குவரை இறங்கியது. அவள் பின்னால் தள்ளிக்கொண்டாள். நான் அக்கார்டியனோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னிக்காவது அந்தப் பொட்டியை எறக்கி வைய்யேன்!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து எவனோ கத்தினான்.

"உன் கல்யாணத்துல எறக்கி வெச்சிருக்கணும், தப்புப் பண்ணிட்டேன்!" என்று நானும் கத்திவிட்டு ஆரம்பித்தேன்.

பெண்கள் கைகோத்துச் சுற்றினார்கள். வேகமான பகுதி ஓஹோவென்று போனது. மத்தில்தேயின் லாரி, ஐதாவின் காற்று, எல்லாமாகச் சேர்ந்து கூரை அதிர்ந்தது. அதற்குள்ளே எங்கேயோ ஜெனியா பாடிக்கொண்டிருந்தாள். எனக்கே கேட்கவில்லை. தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் ரப்பி ஸ்லுட்ஸ்கி முகம் மலரக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். மணப்பெண் நாற்காலியில் நொயெமியும் மெல்லச் சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மெதுவான பகுதி வந்தது.

என்ன சொல்ல? ஆட்டம் நின்றது. கைகள் இறங்கின. அத்தனை வாயும் மூடிக்கொண்டன. மத்தில்தே நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடி நின்றாள். ஒத்திகை எல்லாம் காற்றில் போய்விட்டது. எதிரில் தலையில் முடியோடு ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள், இந்த மெட்டு வருகிறது, அவர்கள் உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் கேட்பதுதான். ஒருத்திமேலும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

"முதல் பிள்ளைக்கு ரொட்டி பிசைந்தாய்..."

ஹால் முழுவதும் ஜெனியாவின் குரல் மட்டும் கேட்டது. சுத்தமாக, தனியாக.

தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம் வந்தது. ரப்பி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அவரைச் சேர்ந்தவர்களும் நாற்காலியைத் தள்ளினார்கள். நொயெமியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஜெனியா அந்த முகத்தைப் பார்த்தாள்.

இரண்டாவது வரிக்கு நான் வந்தேன். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஜெனியாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு வார்த்தை விடாமல், தாளம் தப்பாமல், சத்தமே இல்லாமல். அடுத்த பிள்ளைக்கு விளக்கு ஏற்றினாய். ஜாடையில் பாடினாள். பூமுடி மறுபடி நெற்றிக்கு இறங்கியது, தள்ளிக்கொள்ளவில்லை. வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என் பிடிவாதக்காரி. எனக்குப் பெட்டியைத் தூக்கி ரப்பியின் தலையில் போடலாமா என்று வந்தது. விரல் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

நொயெமி எழுந்தாள். வெள்ளைப் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, பெண்களை விலக்கிக்கொண்டு வந்து, அம்மாவுக்கு எதிரில் தரையில் மண்டியிட்டாள். அந்த உதடுகளைப் பார்த்தாள். அது என்ன என்று ஹாலில் எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

வாயைத் திறந்து பாடினாள்.

"கடைசிப் பிள்ளைக்குக் கதவு திறந்தாய்..."

சுருதி ஒரு மைல் தள்ளி நின்றது. குரல் நடுங்கி, உடைந்து, எங்கோ மேலே போய், தடால் என்று கீழே விழுந்தது. ஆனால் அது வெளியே வந்தது. மாமனாருக்கு முன்னால், அவர் ஆட்களுக்கு முன்னால், கல்யாணம் முடிந்த அதே மத்தியானத்தில், புது மருமகள் தன்னந்தனியாகப் பாடினாள்.

ரப்பி முழுதாக எழுந்து நின்றுவிட்டார்.

ஜெனியா அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பெண் தனியாக மாட்டிக்கொண்டுவிட்டாள் என்று உறைத்திருக்க வேண்டும். பூமுடியைப் பின்னால் தள்ளினாள். எனக்குக் கண்ணைக் காட்டினாள். அந்தக் கண் ஜாடைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? பாட்டை மெதுவான பகுதியின் முதல் வரிக்குத் திருப்பினேன்.

"முதல் பிள்ளைக்கு ரொட்டி பிசைந்தாய்..."

இரண்டு பேரும் பாடினார்கள். அம்மா ஒரு சுருதி, பெண் இன்னொரு சுருதி. ஒன்றுக்கொன்று சேரவே இல்லை. ஒன்றை ஒன்று விடவும் இல்லை.

தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் எஸேக்கியேல் அப்பாவின் கோட்டுக் கையைப் பிடித்தான். நான் வரிசையின் முனையில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"அப்பா, ரெண்டு குரல்."

ரப்பி அசையாமல் நின்றார். பாட்டு இரண்டாவது வரியைத் தாண்டியது. அவர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நெஜம்தான்," என்றார். "எனக்கு எதுவும் காதுல விழல." உட்கார்ந்துகொண்டார். எழுந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அவர் சோடா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குள்ளே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

கடைசி வரி வந்தது. பெயர் வரும் வரி. ஜெனியா அதைத் தானே பாட முடியாதே. நிறுத்திக்கொண்டாள். மத்தில்தேக்கு அப்போதுதான் சுயநினைவு வந்து, ஐதாவின் விலாவில் இடித்து, எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டு தயாரானார்கள். ஆனால் நொயெமிதான் முந்திக்கொண்டாள்.

"உட்கார், ஜெனியா..."

அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லையா, கூச்சத்தில் குரல் உள்ளே போய்விட்டது. உதடுகள்தான் அசைந்தன.

ஜெனியா குனிந்து, மகளின் முகத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"சத்தமா பாடுடி," என்றாள். "வெளிய கேக்கட்டும்."